மாமியாருக்கு ஊட்டிய சர்க்கரை

ஒன்பதாம் நாள் காலையிலும் தாள் உடையவில்லை.

ஒரு சென்டிமீட்டர் அகலமும் ஆறு சென்டிமீட்டர் நீளமும் கொண்ட வடிதாள் துண்டு, மூடிய கண்ணாடிக் குழாய்க்குள் பாதி நீரிலும் பாதி வெளியிலுமாக, இஸ்திரி போட்ட சட்டையைப் போல் விறைத்து நின்றது. அக்கா குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தாள். உள்ளே வாழும் நுண்ணுயிர் தின்னத் தின்ன, நான்காம் நாள் தாளில் மஞ்சள் படர வேண்டும். ஐந்தாம் நாள் நீர்மட்டத்தில் தாள் இளைத்து இடுப்பு ஒடிய வேண்டும். ஆறாம் நாள் கீழ்ப்பாதி பஞ்சாகி அடியில் உட்கார வேண்டும். பத்தொன்பது ஆண்டுகளாக அப்படித்தான் நடந்து வந்தது. இந்தத் தாளோ உறையைப் பிரித்த அன்றைய வெண்மையோடு இருந்தது.

குழாயை அறுபது டிகிரி வெப்பப் பெட்டிக்குள் திரும்ப வைத்து, கதவைச் சாத்தி, கைப்பிடியை இருமுறை அழுத்திப் பார்த்தாள். என்ன நடந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஆய்வகத்தில் அவள் ஒருத்திக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

ஐந்து வார விடுப்புக்குப் பின் அவள் வேலைக்குத் திரும்பி அது மூன்றாம் நாள். தம்பி இறந்துபோயிருந்தான். முதல் நாள் எல்லோரும் அவளிடம் துக்கம் விசாரித்தார்கள். அவள் அவர்களிடம் காய்ச்சி வடித்த நீர் எத்தனை கேன் இருக்கிறது என்று விசாரித்தாள். கல் நெஞ்சம் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. மறுக்கத் தோன்றவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு தாடை இருப்பது தெரியாமல் இருக்குமே, அதுபோல் அவளுக்கு உடம்பு முழுவதும் இருந்தது.

ஆய்வகத்தில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் அக்காதான். அப்படி அழைக்கும் உரிமை உண்மையில் தம்பி ஒருவனுக்கே உண்டு. அவன் தினமும் பகல் ஒரு மணிக்கு ஆய்வகத் தொலைபேசியில் கூப்பிட்டு, எடுப்பவர் யாராயிருந்தாலும், "அக்கா சாப்பிட்டாளா?" என்று கேட்பான். கேட்டுக் கேட்டு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

குழாய்க்குள் வாழ்ந்த நுண்ணுயிருக்குப் பெயர் வைத்தவனும் அவன்தான். ஆய்வகத் தலைவர் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பு, ஆவி பறக்கும் மரத்தூள் குவியல் ஒன்றின் அடியிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். காற்று பட்டால் சாகும். சூடு குறைந்தால் சோம்பும். தாள், பஞ்சு, வைக்கோல், மரத்தூள் எது கொடுத்தாலும் சுவடில்லாமல் தின்று தீர்க்கும். அதை வேளை தவறாமல் பேணுவது அக்காவின் வேலை. இதையெல்லாம் அவள் ஒரு நாள் வீட்டில் விவரித்தபோது தம்பி சிரித்துவிட்டான்.

"சூடாவே இருக்கணும், யாரும் கிட்ட வரக் கூடாது, போட்டதையெல்லாம் தின்னுட்டுக் குறையும் சொல்லும். இது மாமியார்தான். கல்யாணமே பண்ணிக்காம மாமியார் வாய்ச்ச ஒரே பொம்பளை இந்த உலகத்துல நீதான் அக்கா."

அன்று முதல் மாலையில் அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளிருந்து கேள்வி வரும்: "என்ன, மாமியார் எப்படி இருக்காங்க?" மணமாகாத அக்காவும் மணமாகாத தம்பியும் இருபத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்த அந்த வீட்டில், கேலிக்கென்று இருந்த மூன்றாவது ஆள் அந்த மாமியார்.

அவன் மின்தூக்கி பழுதுபார்ப்பவன். எதையும் இயந்திரமாக்கித்தான் புரிந்துகொள்வான். தாள் என்பது சர்க்கரை மணிகளைக் கோத்த நீண்ட சங்கிலிகளின் கட்டு என்றும், அந்தக் கட்டை அவிழ்க்க மனிதர் வயிற்றால் முடியாது என்றும் அவள் சொன்னாள். நுண்ணுயிருக்குத் தாளை விழுங்க வாயில்லை. ஆகையால் அது செரிக்க உதவும் தன் நொதிகளை உடம்புக்கு வெளியே வைத்து வேலை வாங்குகிறது. ஒரு நொதி சங்கிலியை நடுவில் வெட்டும். இன்னொன்று வெட்டிய முனையைப் பிடித்து இரண்டிரண்டு மணிகளாக உரிக்கும். ஒன்று விட்டு ஒன்று நடக்காது. வெட்டுபவன் முனை காட்டாவிட்டால் உரிப்பவனுக்கு வேலையில்லை.

"வெளியில விட்டா அதெல்லாம் தண்ணியில அடிச்சுக்கிட்டுப் போயிடாதா?" என்று அவன் கேட்டான்.

சரியான கேள்வி. அங்கேதான் இந்த நுண்ணுயிரின் சாமர்த்தியம். அதன் மேற்புறத்தில் மரச்சட்டம் போல நீண்ட ஒரு சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் எல்லா நொதிகளும் வரிசையாக மாட்டப்பட்டிருக்கின்றன. சட்டத்தின் ஒரு முனை நுண்ணுயிரைப் பிடித்திருக்கும். நடுவிலுள்ள ஒரு பிடி தாளைப் பற்றிக்கொள்ளும்.

"ஸ்பேனர் பலகை. எங்க கடையில சுவத்துல மாட்டியிருக்கோமே, அதேதான். இவன் பலகையை முதுகுல கட்டிக்கிட்டு வேலைக்குப் போறான். கெட்டிக்காரன்."

"மாமியார்னு சொன்னே. இப்போ அவன்ங்கறே."

"வேலை தெரிஞ்சவங்கள்ள ஆண் என்ன, பெண் என்ன."

இந்தப் பேச்செல்லாம் நினைவுக்கு வந்தபோது அவளுக்கு வருத்தமும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. யாரோ எழுதி வைத்ததை வாசிப்பதுபோல் வந்து போயிற்று.

பத்தரை மணிக்குத் தலைவரின் குரல் நடைபாதை வரை கேட்டது. தலைவர் ஓய்வு பெற இரண்டு ஆண்டுகள் இருந்தன. அதுவரை அந்த நுண்ணுயிரை அவர் எவருக்கும் கொடுத்ததில்லை. இப்போதுதான், முதன்முறையாக, வேறோர் ஆய்வு நிலையத்துக்குத் தருவதாக எழுத்தில் வாக்குக் கொடுத்திருந்தார். அனுப்ப வேண்டிய நாள் அடுத்த வாரம்.

அவர் முன்னால் நின்றிருந்தவள் முப்பத்து நான்கு வயது ஆராய்ச்சியாளர். தடித்த மூக்குக்கண்ணாடி அணிந்திருந்ததால் அவளைக் கண்ணாடி என்றே எல்லோரும் அழைத்தார்கள். அக்கா விடுப்பிலிருந்த ஐந்து வாரமும் குழாய்களைக் கவனித்தவள் அவள்.

"அஞ்சு தடவை தாள்ல போட்டிருக்கே. அஞ்சு தடவையும் உடையல."

"ஆமா சார். குளிர்பெட்டியில அக்கா கடைசியா வச்சுட்டுப் போன குழாய்ல இருந்துதான் ஒவ்வொரு தடவையும் எடுத்தேன்."

"காத்து உள்ள போச்சா?"

"இல்ல சார். காத்து போயிருந்தா தண்ணியில கலந்திருக்கற சாயம் ரோஜா நிறமாயிருக்கும். நிறம் மாறவே இல்ல. சர்க்கரை போட்டுப் பாத்தேன், ஒரே ராத்திரியில கலங்கிடுச்சு. உயிர் இருக்கு. தாளைத்தான் தொட மாட்டேங்குது."

"அப்போ அது நம்ம உயிரே இல்ல. வேற எதையோ உள்ள விட்டுட்டே. பத்தொன்பது வருஷமா உடைஞ்ச தாள், நீ கை வச்ச வாரத்துல நின்னுபோச்சு. நோட்டைப் பாரு. கடைசி வாரம் வரைக்கும் அக்கா ஆறாம் நாள்னு எழுதியிருக்காங்க."

அவர் புரட்டிக் காட்டிய நோட்டின் பக்கத்தைக் கதவோரம் நின்ற அக்கா பார்த்தாள். நான்கு கட்டங்கள். தேதி. உணவு. தாள் உடைந்த நாள். கையொப்பம். உணவுக் கட்டத்தின் தலையில் 'வடிதாள்' என்று ஒருமுறை எழுதியிருந்தது. அதன் கீழே பக்கம் முழுவதும் 'மேற்படி, மேற்படி' என்று அவளுடைய திருத்தமான கையெழுத்து இறங்கியது.

"வெள்ளிக்கிழமை உன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற கூட்டம்" என்றார் தலைவர். "நான் என்ன சொல்லட்டும், நீயே சொல்லு."

கண்ணாடி நோட்டை எடுத்து மூடினாள்.

மதியம் இருவரும் எதிரெதிரே அமர்ந்து சாப்பிட்டார்கள். கண்ணாடி தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கரண்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"நான்தான் கொன்னுட்டேன் அக்கா. எப்படின்னுதான் தெரியல. நீங்க வச்சுட்டுப் போன குழாயில தாளே இல்ல, பாத்தீங்களா? முழுசும் தின்னு முடிச்சிருந்துச்சு. அவ்வளவு நல்லா இருந்ததை நான் என்ன பண்ணினேன்?"

அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். அந்தக் குழாயில் தாள் தின்று தீர்க்கப்படவில்லை. அதில் தாளே போடப்படவில்லை.

"சாப்பிடு. ஆறுது" என்று மட்டும் சொன்னாள்.

நடந்தது மிகச் சிறிய விஷயமாகத்தான் தொடங்கியது. தம்பியின் உணவுக்குழாயில் கட்டி என்று தெரிந்த மாதம் அது. தாளில் வளர்ப்பதற்குப் பொறுமையும் கண்காணிப்பும் வேண்டும். நான்காம் நாளிலிருந்து காலையும் மாலையும் பார்த்து, உடைந்த அன்றே புதுக் குழாய்க்கு மாற்றியாக வேண்டும். அது ஞாயிற்றுக்கிழமையாகவும் இருக்கலாம், மருத்துவர் வரச்சொன்ன நாளாகவும் இருக்கலாம். தாளுக்குப் பதில் கரைந்த சர்க்கரையைக் கொடுத்தால் அந்த வம்பில்லை. வியாழக்கிழமை பழைய குழாயிலிருந்து ஊசியால் ஒரு துளியைப் புதுக் குழாய்க்கு ஏற்றினால் வெள்ளிக்கிழமை கலங்கியிருக்கும். குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் அடுத்த வியாழன் வரை திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

ஒரு வாரத்துக்கென்றுதான் செய்தாள். நோட்டில் கை தன் வழக்கப்படி 'மேற்படி' என்று எழுதிற்று. அடுத்த கட்டம் காலியாக இருந்தது. காலிக் கட்டத்தைப் பார்த்தால் யாராவது கேட்பார்கள். அவள் ஆறு என்று எழுதினாள். ஒரு புள்ளி தவறினால் மற்றவர்களைத் திருப்பி எழுத வைப்பவள் அவள்; தானே எழுதிய அந்த ஆறைக் கேள்வி கேட்க ஆளில்லை. ஒரு வாரம் முப்பத்தொரு வாரமாயிற்று.

தம்பிக்கு அப்போது மூக்கு வழியே குழாய் செருகியிருந்தார்கள். சர்க்கரை விஷயத்தை அவனிடம் மட்டும் சொன்னாள். அவன் குரல் தேய்ந்திருந்தது, கேலி தேயவில்லை.

"எனக்கும் கரைச்ச சாப்பாடு, உன் மாமியாருக்கும் கரைச்ச சாப்பாடு. நல்ல பொருத்தம்." பிறகு சற்று மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னான்: "பாத்துக்கோ அக்கா. வேலை இல்லாத கடையில பலகையை யாரும் சுமக்க மாட்டான். முதல்ல இறக்கி வைக்கிறவனுக்குத்தான் லாபம்."

அவன் சொன்னதுதான் நடந்திருந்தது. சர்க்கரை கைக்கே வந்துவிட்டால் சட்டமும் நொதிகளும் வீண் சுமை. எப்போதோ ஒன்று பிழையாகப் பிறந்து, பலகையில்லாமல் இலேசாக இருந்திருக்கும். அது மற்றவற்றைவிடச் சற்று வேகமாகப் பெருகியிருக்கும். வாரத்துக்கு வாரம் அந்தச் சற்று பெரிதாகி, கடைசியில் குழாய் முழுவதும் தாளைப் பிடிக்கத் தெரியாத கூட்டமாகியிருக்கும். எதுவும் சாகவில்லை. ஆகையால் எதுவும் தெரியவில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றினாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தட்டு அடுக்கில் இரண்டு தட்டுகள் இருந்தன. மேலே இருந்ததை எடுத்துச் சாப்பிட்டு, கழுவி, மேலேயே வைத்தாள். அவனுடைய கருவிப் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. அதைத் துடைத்தாள். கண்ணாடியின் ஒப்பந்தத்தைப் பற்றி யோசிக்க முயன்றாள், எட்டவில்லை. சொல்லாமல் இருந்துவிட்டால் யாருக்கும் எப்போதும் தெரியப்போவதில்லை என்பது மட்டும், சமையலறைக் குழாய் சொட்டுவதைப்போல், சீராகத் தெரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. ஒன்பது மணிக்குத் தலைவர் அறைக்குள் போய் நின்றாள்.

"உக்காரும்மா."

"நின்னுக்கறேன் சார். அந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணல. நான்தான் முப்பத்தொரு வாரம் சர்க்கரை போட்டேன். நோட்டுல தாள்னு எழுதினேன். உடைஞ்ச நாளும் பொய்."

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டார்.

"நீயா?"

"ஆமா சார்."

"வேற யாராவது சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். நீயே சொல்றே, அப்பவும் நம்ப முடியல." மேசைமேலிருந்த பேனாவை நேராக்கினார். "சரி. உறைபெட்டியில பழைய இருப்பு இருக்குமே. அதுல இருந்து எழுப்பிக்கலாம்."

"பழைய இருப்பை நடுவுல நான்தான் மாத்தினேன். வருஷாவருஷம் மாத்தற மாசம் வந்துச்சு. பழசை எடுத்துப் போட்டுட்டு, சர்க்கரையில வளர்ந்ததை வச்சேன்."

"பழசு?"

"அவிச்சுக் கொட்டியாச்சு."

வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அதன் ஒரு சக்கரம் மட்டும் கிறீச்சிட்டது. தலைவர் ஒரு தாளை இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

"எத்தனையாவது வாரத்துல வச்சே?"

"பன்னெண்டாவது வாரம்."

"முப்பத்தொண்ணு இல்ல, பன்னெண்டு. அதுல பழைய ஆளுங்க கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். லட்சத்துல ஒண்ணு இருந்தாலும் போதும். பத்துக் குழாய் போடு. தாள் மட்டும். வேற எதுவும் தின்னக் கூடாது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல? ஆளை மாத்தி விட்டிருப்பேனே. தம்பிக்கு உடம்பு சரியில்லைன்னா யாரு உன்னைத் தப்பா சொல்லப் போறா?"

அக்கா மேசைமேலிருந்த நோட்டைக் கையில் எடுத்தாள்.

"உன் பணிப்பதிவுல இதை எழுதியாகணும். இனிமே நோட்டுல நீ எழுதற ஒவ்வொரு வரிக்கும் அந்தப் பொண்ணு பக்கத்துல கையெழுத்துப் போடுவா. அந்த ஆய்வு நிலையத்துக்குக் கொடுத்த வாக்கு தப்பினதை நான் எழுதிக்கறேன். போ. நோட்டைத் திருத்து. எப்படின்னு உனக்கே தெரியும்."

தெரியும். அந்த முறையை அங்கே எல்லோருக்கும் விதித்தவளே அவள்தான். பிழையை அழிக்கக் கூடாது. வெள்ளை மை பூசக் கூடாது. தாளைக் கிழிக்கக் கூடாது. பழைய எழுத்து படிக்கும்படியாக அதன்மேல் ஒரே ஒரு கோடு. பக்கத்தில் சரியானது. திருத்திய தேதி. கையொப்பம்.

ஜன்னலோர மேசையில் அமர்ந்து, அடிக்கோலை எடுத்து, முதல் வரியிலிருந்து தொடங்கினாள்.

'மேற்படி' மேல் ஒரு கோடு, 'சர்க்கரைக் கரைசல்.' 'ஆறு' மேல் ஒரு கோடு, 'தாள் இடவில்லை.' இது கட்டி என்று சொன்ன வாரம். அடுத்த வரி. இது அவன் கடைசியாக ஒரு மின்தூக்கியைச் சரிசெய்துவிட்டு வந்து, மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு ஆசாமி உள்ளேயே தூங்கிவிட்ட கதையைச் சொன்ன வாரம். அடுத்த வரி. இது கெட்டியான உணவு நின்ற வாரம். அடுத்தது. இது குழாய் செருகிய வாரம். தேதிகள் அவளைக் கேட்காமல் ஒவ்வொன்றாகக் கதவைத் திறந்தன. அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள், கோடு போட்டாள், மூடினாள். கோடுகள் எல்லாம் ஒரே நீளத்தில் இருந்தன.

பத்தொன்பதாம் வரியில் கண்ணாடி வந்து எதிரே நின்றாள். விஷயம் அவள் காதுக்கு எட்டியிருந்தது.

"நேத்து சாப்பிடும்போதே உங்களுக்குத் தெரியுமா அக்கா?"

"தெரியும்."

"நான் ராத்திரி முழுக்க அழுதேன்."

"உம்."

கண்ணாடி போய்விடுவாள் என்று அக்கா நினைத்தாள். அவள் போகவில்லை. நாற்காலியைச் சத்தமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேனா மூடியைக் கழற்றினாள். "நகருங்க. பக்கத்துல நான் கையெழுத்துப் போடணுமாம்." கோபத்தோடுதான் சொன்னாள். ஒவ்வொரு வரியையும் வாய்க்குள் படித்துப் பார்த்து, பேனாவை அழுத்திக் கையெழுத்திட்டாள். அக்காவுக்கு அந்தக் கோபம் பிடித்திருந்தது. ஐந்து வாரத்தில் அவளிடம் யாரும் கோபப்படவில்லை.

முப்பத்தொன்றாம் வரி. அந்த வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆய்வகத்துக்கு வந்து குழாய்க்கு ஊசி போட்டாள். அரைமணியில் தம்பியிடம் திரும்பிவிடலாம் என்று போட்டாள். எட்டு இருபதுக்கு ஆய்வகத் தொலைபேசி அடித்தது. ஒரு மணிக்கு அடிக்க வேண்டிய தொலைபேசி ஏன் எட்டு இருபதுக்கு அடிக்கிறது என்று நினைத்துக்கொண்டே எடுத்தாள். பிறகு தொலைபேசியை வைத்துவிட்டு, நோட்டைத் திறந்து, 'மேற்படி' என்று எழுதினாள். ஒரு வாரம் கழித்து நடக்க வேண்டியதையும் அப்போதே, 'ஆறு' என்று எழுதினாள். கையொப்பமிட்டாள். அதற்குப் பிறகுதான் புறப்பட்டாள்.

"இந்த வரியில மை கொஞ்சம் கலைஞ்சிருக்கே" என்றாள் கண்ணாடி.

"கை ஈரமா இருந்திருக்கும்."

கோடு போட்டாள்.

வெள்ளிக்கிழமை கண்ணாடியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. பத்துக் குழாய்கள் வெப்பப் பெட்டிக்குள் போயின. உணவுக் கட்டத்தில் அக்கா 'மேற்படி' போடவில்லை. பத்து முறையும் 'வடிதாள்' என்று முழுதாக எழுதினாள். பத்து முறையும் கண்ணாடி அருகில் கையெழுத்திட்டாள்.

ஆறாம் நாள் பத்துத் தாள்களும் நின்றன. பன்னிரண்டாம் நாளும் நின்றன. தலைவர் தினமும் காலையில் வந்து, கதவைத் திறக்காமலே, "என்ன?" என்பார்; அவள் தலையசைப்பாள்; அவர் போய்விடுவார். பதினெட்டாம் நாள் அவர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவள் வந்தாள். வீட்டில் இருப்பதும் இங்கே இருப்பதும் அவளுக்கு ஒன்றுதான். இங்கே பார்ப்பதற்குப் பத்துக் குழாய்கள் இருந்தன.

இருபத்து மூன்றாம் நாள் மாலை ஏழாவது குழாயை வெளிச்சத்தில் பிடித்தாள். வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி எடுத்தாள். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, தாளின் ஓரத்தில், அரிசி முனையளவு மஞ்சள். கண்ணாடியைக் கூப்பிட்டாள்.

கண்ணாடி குழாயை மூக்குக்கண்ணாடிக்கு ஒட்ட வைத்துப் பார்த்தாள். "மஞ்சள்தான். ஆனா தாள் இன்னும் உடையல அக்கா."

"உடையட்டும். முதல்ல பிடிக்கணும். பிடிச்சாதான் வெட்ட முடியும்."

"தலைவர்கிட்ட சொல்லட்டுமா?"

"நாளைக்குச் சொல்லலாம். ஒரு நாள் பாத்துட்டு."

நோட்டில் எழுதினாள்: ஏழாவது குழாய், ஓரத்தில் மஞ்சள், தாள் உடையவில்லை. கண்ணாடி கையெழுத்திட்டாள், மூடியைப் போட்டாள், பையை எடுத்துக்கொண்டு போனாள்.

வீட்டு வாசலில் அக்கா செருப்பைக் கழற்றினாள். உள்ளே இன்னும் அந்தி வெளிச்சம் இருந்தது. உள்ளிருந்து தம்பியின் கேள்வி வரும் நேரமளவு நின்றாள். பிறகு, வழக்கமான குரலில், கேட்டவருக்குப் பதில் சொல்வதைப்போல், "மஞ்சள் வந்திருக்கு" என்றாள்.

அந்தக் குரல் கூடத்துச் சுவரில் பட்டு அவள் காதுக்கே திரும்பியது. ஒன்பது வாரத்தில் அந்த வீட்டுக்குள் அவள் தானாகப் பேசிய முதல் வார்த்தை அது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, செருப்பு வைக்கும் பலகையின்மேல் மெல்ல உட்கார்ந்தாள்.